மிஞ்ச வேண்டிய மண்

காலை ஏழு ஐம்பது. முதலில் தெரிந்தது பூட்டு. பித்தளைப் பூட்டு, புதிது, உள்ளங்கை அகலம். எங்கள் வீட்டு வாசற்கதவில் தொங்கிய அது எங்கள் பூட்டு அல்ல.

அப்பா சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அதையே பார்த்தார். கேரியரில் நான். என் மடியில் ஒரு வாளி, வாளிக்குள் துடைப்பமும் பழைய துணியும். வீட்டைக் கழுவிவிட்டு வரும்படி அம்மா அனுப்பியிருந்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா அவரைக் கேட்டார்.

"பூட்டு யாரும்மா போட்டது?"

"மேஸ்திரிதாங்க. நேத்து சாயங்காலம் வந்து பூட்டிட்டு, சார் வந்தா சொல்லிடுங்கன்னாரு."

"என்ன சொல்லச் சொன்னார்?"

"பூட்டியிருக்குன்னு."

எண்பதுகளின் தொடக்கம். ஜூன் இருபத்திரண்டாம் தேதி. ஏப்ரல் கடைசியில் அப்பா ஓய்வு பெற்றிருந்தார். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் இருபத்தோரு வருடம் குடியிருந்த குவார்ட்டர்ஸை ஜூன் முப்பதுக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகுதான் கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வரும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பிராவிடண்ட் ஃபண்டை முழுவதும் எடுத்து, டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் இந்த வீட்டில் போட்டாகிவிட்டது. பேசிய தொகையை நான்கு தவணையாகக் கொடுத்து முடித்தாகிவிட்டது. கையில் மிச்சம் இருந்தது சாமான் ஏற்றும் லாரிக்கு வாடகையும் அந்த மாத மளிகைக்கான பணமும்தான். நான் அப்போது சென்னையில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவள். வீடு மாற்றுவதற்காகப் பத்து நாள் விடுப்பில் வந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். மந்தாரக்குப்பத்துக்கு அடுத்த ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் மடித்த காகிதம். சைக்கிளை நிறுத்தியதும் அதை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"பில்லு சார்."

"பில்லா? கடைசித் தவணை போன மாசமே குடுத்தாச்சே."

"அது வூட்டுக்கு. இது மண்ணுக்கு."

காகிதத்தில் இரண்டே வரி. பேஸ்மட்டம் ரொப்பிய மண், அதாவது வீட்டுத் தரையை உயர்த்தக் கொட்டியது, பதினொரு லோடு, லோடுக்கு நூற்றிருபது. தண்ணீர் விட்டுக் குத்திய கூலி ஐந்நூற்றிருபது. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அப்பா கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தைவிட அது அதிகம்.

அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு தன் தெற்கத்திப் பேச்சில் சொன்னார்:

"மண் மிஞ்சணுமே வே."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அடுத்த ஆறு நாளும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதை இங்கே விளக்க வேண்டும். அப்பா வேலை பார்த்தது மைன்ஸில், மேல்மண் அளக்கும் பிரிவில். கரண்ட் எடுக்க வெட்டும் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி அப்புறப்படுத்துகிறவர்களுக்கு அளவு எழுதுவது அவர்கள் வேலை. வெட்டிய மண் குவியலாகக் கிடக்கும்போது பெருத்துவிடும். ஒரு பங்கு வெட்டினால் ஒன்றேகால் பங்கு கொட்டிக் கிடக்கும். ஆகவே குவியலை அளக்கக் கூடாது, குழியை அளக்க வேண்டும். இருபத்தோரு வருடம் அவர் குழியை அளந்தார். மண் குறைந்து அவர் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதியபோதும் அவர் அதைத்தான் எழுதினார். எங்கள் குவார்ட்டர்ஸ் சாப்பாட்டு மேசையில், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளில், அவர் கையெழுத்தில். அன்றும் நான் ஊரில் இருந்தேன். "வானம் முதல் கூரை வரை சகல வேலைகளும்" என்று முதல் வரி. கடைசி வரி: "மண் மிஞ்சினால் அப்புறப்படுத்துவது மேஸ்திரி பொறுப்பு." கடைக்கால் தோண்டும் மண்ணே தரை மட்டத்தை உயர்த்தப் போதும், போக மிஞ்சும் என்பது அவர் கணக்கு. மேஸ்திரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்பா 'மிஞ்ஞினால்' என்று எழுதியிருந்ததை நான் 'மிஞ்சினால்' என்று திருத்திக் கொடுத்தேன். குறைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு வரி அதில் இல்லை. அது என் கண்ணில் படவில்லை.

பூட்டிய கதவுக்கு முன்னால் அப்பா அந்தத் தாளை எடுத்து விரித்தார். எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தார் போலிருக்கிறது.

"வானம் முதல் கூரை வரை. படிச்சுப் பாரும். உம்ம கையெழுத்துத்தானே?"

"என் கையெழுத்துதான் சார். அன்னிக்கே கேட்டேனே, வானத்த யாரு சார் தோண்டுவான்னு."

"எங்க ஊர்ல கடக்காலுக்குப் பேரு வானம். வானம் தோண்டுதான்னுதான் சொல்லுவோம்."

"ஒங்க ஊருல சார். எங்க ஊருல வானம் மேல இருக்குது. வானத்துலருந்து கூரைன்னா மேல் வேலைன்னு நெனச்சேன். கீழ ரொப்பறது தனின்னுதானே அர்த்தம்?"

"வே, விளையாடுதீரா? மேல் வேலை மட்டும்னா சுவரை யார் கட்டினது?"

"அது பாசத்துல கட்னது சார்."

பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. மேஸ்திரியும் உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, லாரிக்காரர் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதாகவும், மண்ணைக் கடனாகத்தான் எடுத்துப் போட்டதாகவும் சொன்னார். பணம் வந்ததும் பூட்டைக் கழற்றிவிடுவேன் என்றார். அப்பா, கேட்காத மண்ணுக்குப் பணம் தர முடியாது என்றார். தந்த மண் உள்ளேதான் இருக்கிறது, வேண்டுமானால் தரையைப் பெயர்த்துப் பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. தரை போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. வாளியையும் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு நாங்கள் திரும்பினோம்.

வழியில் அப்பாவிடம் கேட்டேன்: "பதினோரு லோடு வந்ததை யாராவது பாத்தாங்களா?"

"வந்திருக்கும். வரலைன்னு நான் சொல்லல."

"அப்புறம்?"

"வந்திருக்கக் கூடாது."

யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் இரண்டு தரப்பும் முரண்பட்டால் இரண்டையும் போட்டுவிட்டு ஒதுங்கிவிடலாம். இங்கே இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைச் சொன்னன. மண் வந்தது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

இருபத்து நான்காம் தேதி அப்பா ஒரு யோசனையோடு கிளம்பினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டுவது. தோண்டிய மண்ணை அதே குழியில் போடுவது. மிஞ்சுகிறதா குறைகிறதா என்று மேஸ்திரியே பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவும் கூட வந்தாள். பூட்டிய வீட்டை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் வந்தாள். மேஸ்திரி அதே தெருவில் இன்னொரு வீட்டு வேலையில் இருந்தார். அங்கிருந்து ஒரு சித்தாளைக் கடப்பாரையோடு அழைத்துக்கொண்டு வந்தார்.

அப்பா மைன்ஸிலிருந்து வந்த பழக்கத்தில் அரை மீட்டர் என்றார்.

"மீட்டரெல்லாம் அங்கியே வெச்சிக்கங்க சார். ரெண்டடின்னு சொல்லுங்க."

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். செம்மண். சித்தாள் ஒவ்வொரு சட்டியாக வெளியே கொட்ட, நான் நோட்டில் கோடு போட்டேன். முப்பத்து மூன்று சட்டி. பிறகு திரும்ப உள்ளே. இருபத்தேழாவது சட்டியில் குழி நிறைந்துவிட்டது. ஆறு சட்டி மண் வெளியே கிடந்தது.

அப்பா மேஸ்திரியைப் பார்த்தார். விடுப்பில் வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் நான் காணாத ஒரு தெளிவு.

"மிஞ்சிச்சு சார். ஒத்துக்கறேன்," என்றார் மேஸ்திரி. "ஆனா இது மேல நீங்க வூடு கட்டுவீங்களா? தரை போடுவீங்களா? கால வெய்யுங்க பாப்பம்."

அப்பா காலை வைத்தார். செருப்போடு கால் கணுக்கால் வரை புதைந்தது.

"எல்லாத்தயும் வாரி வெளிய போடு," என்று மேஸ்திரி சித்தாளிடம் சொன்னார்.

"ஏன் மேஸ்திரி, அப்பவே சொல்லக் கூடாதா? சாரும் நீங்களும் வெளயாடறதுக்கு நான்தான் கெடச்சனா?"

ஆனாலும் வாரினாள். இந்த முறை அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டார்கள். மரப்பிடி போட்ட கனமான இரும்புத் திமிசால் சித்தாள் குத்தினாள். மறுபடி மண், மறுபடி தண்ணீர், மறுபடி குத்து. முப்பத்து மூன்று சட்டியும் உள்ளே போனது. முடிந்தபோது குழி இன்னும் நான்கு விரல் ஆழம் இருந்தது.

"கொறஞ்சிடிச்சி சார்," என்றார் மேஸ்திரி.

அப்பா குனிந்து டேப்பால் அளந்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்து அளந்தார். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மைன்ஸில் வெட்டிய மண்ணை யாரும் திரும்பக் குழியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குத்தியதில்லை. அதை மலையாகக் கொட்டிக்கொண்டே போவார்கள். அவ்வளவுதான்.

"குழியத்தானே வே அளக்கணும்?" என்றார். குரல் முன்னைப் போல இல்லை.

"எந்தக் குழிய சார்? மண்ணு எடுத்த குழியா, மண்ணு போட்ட குழியா?"

இந்தக் கேள்வியை நான் நோட்டில் எழுதினேன். பதில் எழுத இடம் விட்டேன். அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார்: "மனை பாக்கறீங்களாங்க? அதெல்லாம் கட்டறதுக்கு முன்னாடியே பாக்கறதாச்சே."

அம்மா வேலியருகே போனாள். குழி தோண்டி அதே மண்ணைப் போட்டு மூடினால், மண் மிஞ்சும் மனை நல்ல மனை, குறையும் மனை ஆகாது என்று அந்த அம்மாள் சொன்னார். அம்மாவுக்கும் அது தெரிந்ததுதான். ஆனால் நாங்கள் செய்துகொண்டிருப்பது அது என்று அதுவரை அவளுக்குத் தோன்றவில்லை. அம்மா திரும்பி வந்தாள்.

"மிஞ்சிச்சா, குறைஞ்சிச்சா?"

"மிஞ்சிச்சு," என்றார் அப்பா.

"கொறஞ்சிச்சிம்மா," என்றார் மேஸ்திரி.

அம்மா என்னிடம் திரும்பினாள். "ஏட்டி, நீதானே எழுதிக்கிட்டிருந்தே? என்ன எழுதியிருக்கே?"

நான் நோட்டைக் காட்டினேன். ஆறு சட்டி மிச்சம். நான்கு விரல் குறைவு. இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்று.

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு."

அம்மா அந்தக் குழியைக் காலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். "கட்டி முடிச்ச வீட்டுக்கு இப்ப போய்ப் பாத்தா எது பலிக்குமோ," என்றாள். அன்று வேறு எதுவும் முடிவாகவில்லை.

இருபத்தாறாம் தேதி நான் தனியாகப் போனேன். ஜன்னல் வழியாக அறைகளின் நீள அகலம் தெரிந்தது. அப்பாவிடம் வரைபடம் இருந்தது. வெளியே தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை உயரத்தை டேப்பால் நானே எடுத்தேன். ரொப்பிய இடம் எத்தனை கன அடி என்று கணக்குப் போட்டாகிவிட்டது. அதை லோடாக மாற்ற வேண்டும். மண் லாரிக்காரரைத் தேடிப் போய், ஒரு லோடு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு யூனிட்டுக்கு மேல இருக்கும்."

"எவ்வளவு மேல?"

"ரெண்டுக்குக் கீழ."

யூனிட் என்றால் நூறு கன அடி. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மழைநாளில் ஒரு மாதிரி, வெயில்நாளில் ஒரு மாதிரி, வாருகிற ஆளைப் பொறுத்தும் இருக்கும் என்றார். நான் கிடைத்ததை வைத்துப் போட்டேன். கடைக்கால் மண்ணைக் கழிக்காவிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு லோடு. கழித்தால் ஐந்து முதல் எட்டு. அப்பா சொன்ன பூஜ்யம் இரண்டிலும் இல்லை. மேஸ்திரி சொன்ன பதினொன்று ஒன்றில் இருந்தது, ஒன்றில் இல்லை. அமுங்கியதை எதில் சேர்ப்பது என்று மேஸ்திரியிடமே கேட்டேன்.

"அமுங்கினத யாரு பாப்பா கணக்குல சேக்கறது? அது அமுங்கிடிச்சி," என்றார்.

குவார்ட்டர்ஸில் இதற்குள் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியிருந்தோம். எங்களுக்குப் பிறகு அந்த வீடு யாருக்கு என்று தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பம் ஒரு மாலை வந்து, ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டு போனது. அப்பா அவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். யாரிடமாவது கைமாற்று வாங்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "ஒத்துக்காத கணக்குக்குக் கடன் வாங்குறதா?" என்றார். முப்பதாம் தேதி எங்கே போய்ப் படுப்பது என்று கேட்டால் ஒப்பந்தத் தாளை எடுத்துப் படித்தார்.

இருபத்தெட்டாம் தேதி முற்பகல். மூவரும் மந்தாரக்குப்பம் போனோம். மேஸ்திரி பக்கத்து வேலையிடத்தில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். அப்பா கீழே நின்று 'வெட்டுற மண் வேற, கொட்டுற மண் வேற' என்று ஆரம்பித்தார். மேஸ்திரி மேலிருந்தே, 'குத்தற மண்ணு வேற சார்' என்றார். அம்மா குறுக்கிட்டாள்.

"மேஸ்திரி, கொஞ்சம் இறங்கி வாங்க. நான் ஒண்ணு சொல்லுதேன். நீங்க சாவி குடுத்தாத்தான் நாங்க குவார்ட்டர்ஸக் காலி பண்ண முடியும். காலி பண்ணினாத்தான் இவுகளுக்குப் பணம் வரும். அது வந்தாத்தான் நீங்க கேக்கிறதைப் பத்தியே பேச முடியும். இப்ப எங்க கையில லாரிக்கு வச்சிருக்கிற காசுதான் இருக்கு."

மேஸ்திரி இறங்கி வந்தார். கையில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்தபடி அப்பாவைப் பார்த்தார்.

"சாருகிட்ட பணம் இல்லியா?"

அப்பா தெருவைப் பார்த்தார்.

"பர்மனெண்ட்டு ஆளு, ரிடையர் ஆயிட்டாரு, மூட்டையா குட்த்து அனுப்பியிருப்பாங்கன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன். எங்க ஊரே அப்படித்தான் பேசிக்கினு இருக்குது. பணத்த வெச்சிக்கினு மண்ணு மிஞ்சும், மண்ணு மிஞ்சும்னு இழுக்கறாருன்னுதான் பூட்டு போட்டேன். இல்லன்னா இல்லன்னு மொத நாளே சொல்லக் கூடாதா சார்?"

"அது வேற விஷயம், இது வேற விஷயம்."

"எப்படி சார் வேற?"

"பணம் இருந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

"அது செரி," என்றார் மேஸ்திரி. சித்தாள் மேலேயிருந்து, "ரெண்டு பேரும் குழிதான் தோண்டுவீங்க," என்றாள்.

மேஸ்திரி அப்பாவின் தோளைத் தொட்டு, கொஞ்சம் வாங்க என்று அழைத்துப் போனார். தெருமுனையில் ஒரு செங்கல் லாரி நின்றது. அதன் மறுபுறம் போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. லாரிக்கு அடியில் நான்கு கால்கள் தெரிந்தன. ஒரு சமயம் அப்பாவின் கால் மண்ணில் ஏதோ கோடு போட்டது. மேஸ்திரியின் கால் அதை அழித்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது சாவி அப்பாவின் கையில் இருந்தது.

"ஏழு," என்றார் அப்பா.

"எது ஏழு?" என்றாள் அம்மா.

"ஏழு லோடு. குத்தின கூலி முழுசா. பணம் வந்ததும்."

ஏழு எப்படி வந்தது என்று அன்றே கேட்டேன். ஏழுதான் என்றார். பல வருடம் கழித்து ஒரு முறை கேட்டேன். அப்போதும் அதையே சொன்னார். மேஸ்திரியிடம் கேட்டபோது, சார்தான் சொன்னாரு என்றார். என் நோட்டில் இருந்த எந்தக் கணக்கையும் அவர்களில் யாரும் பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி காலை லாரி வந்தது. இரண்டு நடையில் சாமான் போய்ச் சேர்ந்தது. பிற்பகல் ஒருவர் வந்து குவார்ட்டர்ஸில் மின்விசிறி, குழாய், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்தார். அப்பா சாவியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். கிராஜுவிட்டிப் பணம் ஆகஸ்டில் வந்தது. அந்த வாரமே மேஸ்திரிக்குப் பேசியபடி கொடுத்துவிட்டார்.

மந்தாரக்குப்பத்து வீட்டுக்குக் கரண்ட் வந்தது, நாங்கள் குடிபோய்ப் பத்தொன்பது நாள் கழித்து.